பரிசாக வந்த மலையேற்றப் பொருள்களை நம்பி இருபது நாள் நடக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இருபது நாள் மலை நடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இரவில் குளிர் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் போகும் என்கிறீர்கள். விடுமுறைக்கு வீட்டில் எல்லோரும் நடைக்கென்றே பரிசு கொடுத்திருக்கிறார்கள்: அக்கா தோல் பூட்ஸ், மாமா 70 லிட்டர் முதுகுப்பை, அப்பா ‘−10’ என்று எழுதிய இறகு ஸ்லீப்பிங் பேக். நண்பர்கள் பங்குக்கு மழை ஜாக்கெட், கேஸ் ஸ்டவ், தண்ணீர் ஃபில்டர், ஊன்றுகோல்கள், ஒரு சாட்டிலைட் மெசேஞ்சர் (செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி). டெண்ட் உடன் வரும் நண்பருடையது. இதுவரை நீங்கள் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து நடந்ததில்லை. “இதெல்லாம் தரமான பொருள்தானா, இதை வைத்தே போய்விடலாமா?” என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் “எதையாவது மாற்றினால் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்களோ” என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதை முகதாட்சண்யம் பார்க்காமல் மாற்றியே ஆகவேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

பல வருடமாக நடைக்குழுக்களை அழைத்துப் போகிறேன். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவர் பையையும் பிரித்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: உடம்போடு ஒட்டியிருக்கும் பொருளை இன்னொருவர் தேர்ந்தெடுத்துத் தர முடியாது. உங்கள் பட்டியலில் பூட்ஸ், முதுகுப்பை, ஸ்லீப்பிங் பேக் மூன்றும் அந்த வகை. அவை எவ்வளவு நல்ல நிறுவனத்துடையவை என்பது இரண்டாம் பட்சம். உங்கள் பாதத்துக்கும் முதுகுக்கும் தூக்கத்துக்கும் பொருந்துகிறதா என்பதே முதல் கேள்வி. ஸ்டவ், ஃபில்டர், மெசேஞ்சர் மாதிரியானவற்றை யார் வாங்கித் தந்தாலும் ஒன்றுதான். அவற்றை இயக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

அதனால் முதல் வேலை, பில்லைக் கேட்டு வாங்கி, மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி என்ன என்று பார்ப்பது. பரிசுப் பொருள்களுக்கு இந்தக் கெடு, கொடுத்த நாளிலிருந்து இல்லாமல் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். அட்டைகளைக் கிழிக்காதீர்கள். மேலே சொன்ன மூன்றையும் இந்த வாரமே வீட்டுக்குள்ளேயே சோதித்துவிடுங்கள். வெளியே மண்ணில் ஒரு தடவை மிதித்துவிட்ட பூட்ஸைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. துடைத்த தரையில் ஒரு மணி நேரம் நடந்ததை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பூட்ஸிலிருந்து தொடங்குகிறேன். நான் பார்த்தவரை மழையாலும் குளிராலும் நடையைப் பாதியில் நிறுத்தியவர்களைவிடக் காலால் நிறுத்தியவர்கள் அதிகம். சாயங்காலம் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நீண்ட நடையில் பாதம் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கும். நடையில் போடப்போகும் அதே சாக்ஸ் வேண்டும். முதலில் பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். குதிகால் பின்விளிம்போடு சேர்ந்திருக்க, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். பலருக்கு மிக நீளமானது பெருவிரலாக இருக்காது, அடுத்த விரலாக இருக்கும், அதைக் கவனியுங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம், பெரிய பாதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலைத் தாண்டி வழிந்தால், அகலம் போதவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் இன்சோலைத் திரும்ப வைத்து, லேஸைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். ஏறும்போது குதிகால் உள்ளே எழும்பி எழும்பி உட்கார்ந்தால் கொப்புளம் அங்கேதான் வரும். கணுக்கால் வளைவில் லேஸை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்கி, அதற்கு மேலே கொஞ்சம் தளர்வாகக் கட்டிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் அந்த பூட்ஸின் வடிவம் உங்கள் குதிகாலுக்கு ஒத்துவரவில்லை. இறங்கும்போது விரல் நுனி முன்பக்கம் போய் இடித்தால் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். படிக்கட்டில் லேசாக இடிப்பது, நாள் முழுக்க இறக்கத்தில் போனால் நகத்தைக் கறுக்க வைத்துவிடும்.

“தோல்தானே, போகப் போகப் பழகிவிடும்” என்று கடையிலும் சொல்வார்கள், வீட்டிலும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. நடந்து பழகினால் தோல் மடியும் இடங்களில் இளகும், கணுக்காலைச் சுற்றியிருக்கும் விறைப்பு குறையும், உள்ளே மெத்தை போன்ற பகுதி உங்கள் பாத வடிவத்துக்கு அமுங்கும். நீளம் கூடாது. அகலமும் கொஞ்சம் இளகிக்கொடுக்குமே தவிர, ஒரு அளவு பெரிதாகிவிடாது. பொருந்துகிற பூட்ஸாக இருந்தால் மூன்று மாதம் தாராளமான காலம். முதல் வாரம் வீட்டிலும் தெருவிலும், அடுத்து அரை நாள் நடை, அதற்கடுத்து சுமையோடு முழு நாள் நடை என்று ஏற்றிக்கொண்டே போங்கள்.

இன்னொன்று, பரிசுப் பொருளுக்கென்றே உள்ள ஆபத்து. தள்ளுபடியில் வாங்கியது பல வருடம் கிடங்கில் கிடந்த சரக்காகவும் இருக்கலாம். பூட்ஸின் நடு அடிப்பகுதியைப் பல நிறுவனங்கள் பாலியூரித்தேன் நுரையால் செய்கின்றன. போட்டு நடக்காமல் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தாலும், காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து வருடக்கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே சிதையும். வெளியே பளபளவென்று இருக்கும், நடையின் மூன்றாம் நாள் அடி மொத்தமாகக் கழன்றுவிடும். நாக்குப் பகுதியின் உட்புற லேபிளில் பெரும்பாலும் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். ஐந்தாறு வருடத்துக்கு மேல் பழையது என்றால் நான் நீண்ட நடைக்கு எடுக்க மாட்டேன். அடிப்பகுதியின் பக்கவாட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, நகத்தால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தாலோ வயதைப் பார்க்கவே வேண்டாம்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி உறுதியில்லாதது. உயரமான பூட்ஸ் போட்டால் கணுக்கால் சுளுக்காது என்று பரவலாகச் சொல்வார்கள். அது நிரூபணமான உண்மை இல்லை. கரடுமுரடான பாறைவழியில் கனமான சுமையோடு போகிறவருக்கு உயரமான பூட்ஸ் தெம்பாக இருக்கும், கல் இடிக்காமல் காக்கும். சீரான பாதையில் குறைந்த சுமையோடு போகிறவர் இலேசான நடை ஷூவில் சுகமாகப் போய்வருவார். காலில் கூடும் எடை, முதுகில் அதே எடை கூடுவதைவிடப் பல மடங்கு சக்தியை வாங்கும் என்பதை மட்டும் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஐந்து மடங்கு என்று ஒரு எண் புழக்கத்தில் உண்டு. வேகத்தையும் ஏற்றத்தையும் பொறுத்து அது மாறும். உங்கள் பாதை எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதாததால், தோல் பூட்ஸ் தேவையா இல்லையா என்பதில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பாதத்தில் வளைவு இல்லாதது, பழைய குதிகால் வலி மாதிரி ஏதாவது இருந்தால் கால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அது என் எல்லைக்கு வெளியே.

அடுத்து முதுகுப்பை. இதில் பலரும் பார்ப்பது லிட்டர் கணக்கை. பார்க்க வேண்டியது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இருக்கும் உயரம் வரை, முதுகெலும்பை ஒட்டி டேப்பை வைத்து வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பையின் அளவுப் பட்டியலில் கொடுத்திருப்பது இந்த நீளத்தைத்தான். உயரமானவருக்குக் குட்டையான முதுகும், குள்ளமானவருக்கு நீளமான முதுகும் சர்வசாதாரணம். மாமா உங்கள் உயரத்தைப் பார்த்து வாங்கியிருந்தால் அளவு தப்பியிருக்கலாம். சில பைகளில் தோள்பட்டையை மேலும் கீழும் நகர்த்தி அளவை மாற்ற வசதி இருக்கும். அப்படியென்றால் பிரச்சினையே இல்லை.

காலிப் பையை மாட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. தண்ணீர் பாட்டில்களும் புத்தகங்களும் போட்டு 12 கிலோவுக்கு ஏற்றுங்கள். எல்லாப் பட்டைகளையும் முதலில் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மீது உட்காரும்படி வைத்து இறுக்குங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டினால் அது மூச்சை அமுக்குமே தவிரச் சுமையைத் தாங்காது. பிறகு தோள்பட்டை, அதற்குப் பிறகு தோளுக்கு மேலே பையோடு சேரும் சின்னப் பட்டை, கடைசியாக நெஞ்சுப் பட்டை. சரியாக அமைந்தால் தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரலை எளிதாக நுழைக்கலாம், கனமெல்லாம் இடுப்பில் தெரியும். அப்படியே ஒரு மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள். கை விரல் மரத்தாலோ, இடுப்பெலும்பின் முன்பக்கம் ஒரே புள்ளியில் எரிந்தாலோ முதலில் பட்டைகளை மாற்றிக் கட்டிப் பாருங்கள், தீரவில்லை என்றால் பையை மாற்றுங்கள்.

70 லிட்டர் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பை தவறில்லை, இடம் இருக்கிறதே என்று அதை நிரப்பும் நம் கைதான் தவறு. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதே என்பது அனுபவத்தில் வந்த ஒரு கைக்கணக்கு, விஞ்ஞான விதி இல்லை. பயிற்சியுள்ளவர் அதைத் தாண்டுவார், முழங்கால் வலி உள்ளவருக்கு அதுவே அதிகம். சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக எடை போட்டு எழுதுங்கள். எழுதிய தாளைப் பார்த்த பிறகு தானாகவே சில பொருள்கள் பையிலிருந்து இறங்கிவிடும். பையோடு வரும் மழை உறையை முழுக்க நம்ப வேண்டாம். முதுகு படும் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு தடித்த பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி வாயைச் சுருட்டிவிட்டால் ஸ்லீப்பிங் பேக் நனையாது.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் ‘−10’ உங்களுக்கு நம்பிக்கை தருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த −10 என்று தெரியாமல் அதை நம்ப முடியாது. இதற்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதற்கு முன்பு ஐரோப்பாவில் ஈஎன் 13537 இருந்தது, பழைய லேபிள்களில் அது தெரியும். உடல்சூடு தரும் பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்கவைத்து அளந்து, மூன்று எண்களைக் கொடுப்பார்கள். முதலாவது வசதி எண்: குளிர் எளிதில் தாக்குகிறவரும் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை, தரநிலை இதற்குச் சராசரிப் பெண்ணின் உடலை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது கீழ் வரம்பு: சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு நடுங்காமல் இரவை ஓட்டக்கூடிய வெப்பநிலை. மூன்றாவது உச்ச எண்: உயிர் பிழைக்கலாம், தூங்க முடியாது, உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு. நிறுவனங்கள் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் இரண்டாவதை, சிலர் மூன்றாவதையே போடுகிறார்கள்.

அப்பா கொடுத்த பேக்கில் −10 என்பது கீழ் வரம்பாக இருந்தால், வசதி எண் −4 பக்கத்தில் இருக்கும். உங்கள் நடைக்கு அது நன்றாகப் போதும். உச்ச எண்ணாக இருந்தால் வசதி எண் பூஜ்யத்துக்கு நன்றாகவே மேலே போய்விடும், நீங்கள் விடிய விடிய விழித்திருப்பீர்கள். உட்புறத் தையலில் சின்ன லேபிள் இருக்கும், அதில் மூன்று எண்களும் இருக்கின்றனவா பாருங்கள். தரநிலைப் பெயரே இல்லாமல் வெறும் −10 மட்டும் இருந்தால் அது நிறுவனம் சொல்லும் வாய்வார்த்தை, அவ்வளவுதான். அதேபோல் ‘800’ என்று இறகின் உப்பும் திறனை அச்சடித்திருப்பார்கள். ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதே அந்த எண். பேக்குக்குள் எத்தனை கிராம் இறகு இருக்கிறது என்று தெரியாவிட்டால், அதை வைத்து வெதுவெதுப்பைக் கணிக்க முடியாது.

இந்த எண்களெல்லாம் அடியில் பாய் இருக்கிறது என்ற கணக்கில் வந்தவை. உங்கள் பட்டியலை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், பாயையே காணோம். உடம்பின் அடியில் இறகு நசுங்கிவிடும், நசுங்கிய இறகில் காற்று நிற்காது, காற்று நிற்காத இடத்தில் சூடும் நிற்காது. தரை உங்கள் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சும். பாய்களின் வெப்பத்தடையை ஆர் மதிப்பு என்கிறார்கள். 2020 வாக்கில் இருந்து பல பெரிய நிறுவனங்கள் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற ஒரே முறையில் அளந்து வெளியிடுவதால் இப்போது ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. பூஜ்யத்தைத் தொடும் இரவுகளுக்கு 3 முதல் 4 வரை இருப்பதை நான் சொல்வேன். இரண்டு பாய்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் மதிப்புகள் கூடும், அதனால் காற்றடைக்கும் பாயின் அடியில் ஒரு மெல்லிய நுரைப்பாய் போடுவது நல்ல ஏற்பாடு. ஒன்று ஓட்டையானாலும் மற்றது இருக்கும். யாராவது “இன்னும் ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

பேக்கின் நீளத்தையும் பாருங்கள். உள்ளே படுத்து ஜிப்பை மூடிக் காலை நீட்டினால் பாதம் இறகை அழுத்தித் தள்ளக்கூடாது, தள்ளினால் கால் குளிரும். மூன்று மாதமும் அதைச் சின்ன உறையில் திணித்து வைக்காதீர்கள். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள், இறகின் உப்பல் கெடாது.

மழை ஜாக்கெட் அரைகுறையாக உடம்பைச் சேர்ந்தது. உள்ளே ஸ்வெட்டர் போட்டு, மேலே பையையும் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். இடுப்பு வெளியே தெரியாமல், முழங்கை இழுக்காமல் இருந்தால் அளவு சரி. ‘மூச்சுவிடும் துணி’ என்ற விளம்பரத்தை அளவோடு நம்புங்கள். சுமையோடு ஏற்றம் ஏறும்போது வரும் வியர்வை முழுவதையும் வெளியேற்றும் ஜாக்கெட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. அக்குளுக்குக் கீழே ஜிப் இருந்தால் அது துணிக்குள் இருக்கும் எந்த நீர்தடுப்புச் சவ்வையும்விட உதவும். புதிதில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், பட்டை உரசும் தோளில் அது முதலில் நின்றுபோகும். உடனே ஜாக்கெட் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். லேபிளில் சொன்னபடி துவைத்து மிதமான சூட்டில் உலர்த்தினால் தண்ணீரை உருண்டோட வைக்கும் மேற்பூச்சு பெருமளவு உயிர்பெறும். ஃபுளோரின் சேர்மங்கள் இல்லாத புதுவகைப் பூச்சுகள் எண்ணெய்க்கும் அழுக்குக்கும் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன, அவற்றை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஃபில்டர் விஷயத்தில் மூன்று செய்திகள் உறுதி. நுண்குழல் வகை (உள்ளே மயிரிழை போன்ற மெல்லிய குழல்கள் கொண்ட) ஃபில்டர்களின் துளை பெரும்பாலும் 0.1 மைக்ரான், அது பாக்டீரியாவையும், ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும். வைரஸை நிறுத்தாது, கரைந்திருக்கும் ரசாயனத்தையும் நிறுத்தாது. ஆட்கள் வசிக்கும் இடங்களுக்குக் கீழே ஓடிவரும் தண்ணீரானால் வடிகட்டிய பிறகு கொதிக்கவைக்க வேண்டும், அல்லது குளோரின் டையாக்சைடு மாத்திரை போட வேண்டும். கொதி வந்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: ஒரு தடவை நனைந்த ஃபில்டர் பிறகு உறைந்தால், உள்ளே பனிக்கட்டி விரிந்து குழல்கள் கிழியும். வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது, தண்ணீர் முன்னைவிட வேகமாகக்கூட வரும், ஆனால் கிருமிகளை நிறுத்தும் என்று நம்ப முடியாது. உங்கள் இரவுகள் பூஜ்யத்தைத் தொடுவதால் அதை ஒரு சின்னப் பையில் கட்டி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டே தூங்குங்கள்.

ஸ்டவ்வைப் பொறுத்தவரை சிலிண்டருக்குள் என்ன வாயு என்பதுதான் குளிரில் பேசும். சாதாரண பியூட்டேன் −0.5 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், ஐசோபியூட்டேன் −12 வரை தாங்கும், புரொப்பேன் −42 வரை. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த சிலிண்டராக வாங்குங்கள். உங்கள் ஸ்டவ் திருகு வகையா, கிளிப் வகையா என்று பார்த்துவிட்டு, போகும் இடத்தில் அதற்கேற்ற சிலிண்டர் கிடைக்குமா என்பதையும் விசாரித்துவிடுங்கள், ஏனென்றால் விமானத்தில் கேஸ் சிலிண்டரை எந்தப் பையிலும் எடுத்துப்போக முடியாது. வீட்டு மொட்டை மாடியில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மறுபடி எடை பாருங்கள். காற்றில்லாத இடத்தில் 7, 8 கிராம் போல இறங்கியிருக்கும். காற்றடிக்கும் நேரத்தில் அதையே செய்தால் எவ்வளவு கூடுகிறது என்று கண்ணால் பார்ப்பீர்கள். அந்த இரண்டு எண்களை வைத்து இருபது நாளுக்கு எத்தனை சிலிண்டர் என்று நீங்களே சொல்லிவிடலாம். டெண்ட்டுக்குள் பற்றவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிப்பது ஒருபுறம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

ஊன்றுகோல்கள் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் நீளம் வையுங்கள், இறக்கத்தில் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள், கைவாரில் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடியுங்கள். இறக்கத்தில் முழங்காலுக்கு வரும் அழுத்தம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, எவ்வளவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு. அலுமினியம் என்றால் வளையும், கார்பன் என்றால் ஒடியும்.

சாட்டிலைட் மெசேஞ்சரை நண்பர்கள் கொடுத்தார்கள் என்பதால் அது வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை சந்தா கட்டி, பெயரும் அவசரத் தொடர்பு எண்களும் பதிந்தால்தான் உயிர்பெறும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே செய்துவிட்டு, திறந்த வெளியில் நின்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். மரமடர்ந்த பள்ளத்தாக்கில் செய்தி போக நேரமெடுக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் “ஒரு நாள் செய்தி வராவிட்டால் பதறாதீர்கள்” என்று சொல்லி வையுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், சில நாடுகளில் செயற்கைக்கோள் கருவி வைத்திருக்கவே முன் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல், வழக்கு வரை போகும். நீங்கள் போகும் நாட்டின் விதியை அதிகாரபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை சார்ஜ் செய்ய பவர் பேங்க் எடுப்பீர்கள். விமானத்தில் அது கைப்பையில்தான் போக வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒத்திகை. ஒரு இரவு வெளியே படுத்தால் ஸ்லீப்பிங் பேக் பற்றித் தெரிந்துவிடும். பூட்ஸும் பையும் அப்படியல்ல. முதல் நாள் எல்லாமே நன்றாக இருக்கும், இரண்டாம் நாள் மத்தியானம்தான் அவற்றின் குணம் வெளியே வரும். அதனால் முழுச் சுமையோடு குறைந்தது மூன்று நாள் தொடர் நடை ஒன்றைக் கிளம்புவதற்கு ஐந்தாறு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தாலும் அவகாசம் இருக்கும். மழை பெய்தால் ஒத்திகையைத் தள்ளிப்போடாதீர்கள், அதுதான் நல்ல நாள். காலில் எங்காவது சூடாக உணர்ந்தால் அந்த நிமிடமே உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, உலர்த்தி, டேப் ஒட்டுங்கள். “அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நடந்தால் அடுத்த திருப்பத்தில் கொப்புளம் இருக்கும்.

கொடுத்தவர்களின் மனசு பற்றி. நான் பார்த்தவரை, “எனக்கு இது பிடிக்கவில்லை” என்று கேட்டால்தான் மனிதர்கள் வருந்துகிறார்கள். “அக்கா, பூட்ஸ் அருமை, ஆனால் சுண்டுவிரல் இடிக்கிறது, அதிலேயே அகலமானது கிடைக்குமா பார்ப்போமா?” என்று கேட்டால் அக்காவே உங்களைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவார். மாமாவை வீட்டுக்கு வரச்சொல்லி முதுகை அளக்கும் டேப்பை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அப்பாவிடம் லேபிளில் உள்ள மூன்று எண்களையும் காட்டிப் பேசுங்கள். பிள்ளை குளிரில் நடுங்குவதை எந்த அப்பாவும் விரும்ப மாட்டார்.

கடைசியில் நீங்கள் ஒரு மூலையில் கேட்டிருந்த கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: இரண்டு வருடமாகப் போடும் பழைய ஓட்ட ஷூவிலேயே போனால் என்ன? பாதை சீராக இருந்து, சுமை 10 கிலோவுக்குள் நின்று, ஒத்திகையில் கால் ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் அந்த மாடலிலேயே புது ஜோடி வாங்கிக்கொண்டு போகலாம். அதே பழைய ஜோடி வேண்டாம். அதன் அடிநுரை இந்நேரம் பாதி அமுங்கியிருக்கும், அடிப் பற்களும் தேய்ந்திருக்கும், ஈரப்பாறையில் வழுக்கும். மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் பூட்ஸைக் கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டுமானால் அதைவிட இலேசான செருப்பு ஒன்று போதும்.